தாய்மாமனைத் தூக்கிய ஸ்டார்ட்டர் பெட்டி

ஒரு தொழிலில் பேர் வாங்கிவிட்டவனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் மிச்சம் இருக்கிற தொழில்கள் எல்லாம் தன் தொழிலுக்குப் பிறந்த பிள்ளைகள் மாதிரியே தெரியும். தையல்காரர் டாக்டரைப் பார்த்து, 'இவரும் நம்மளை மாதிரி வெட்டித் தைக்கிறவர்தானே' என்று நினைத்துக்கொள்வார். எனக்கு அந்த வியாதி முற்றிப்போய் இருந்தது. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கரண்டில் ஓடுகிற எதுவாக இருந்தாலும் என் கண்ணுக்கு அது மோட்டாரின் தம்பிதான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்கு ஒருவன் தன்னைப் பற்றி எழுதுவான்?) ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளிப் போய், பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றுவிட்டேன். கரிந்த காயிலை உரித்துப் போடுகிற வேலையில் ஆரம்பித்தவனுக்கு இன்றைக்குத் திசையன்விளையில் சொந்தக் கட்டடம், வள்ளியூரில் ஒரு கிளை. தாமிரபரணிக் கரையில் வாழைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரிலிருந்து எங்கள் பக்கத்துச் செம்மண் கிணறுகளுக்குள் முங்கிக் கிடக்கிற மோட்டார் வரைக்கும் என் கை படாதது குறைவு. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். போனில் கேட்டும் சொல்வேன். ஒரு தடவை தப்பாகச் சொன்னேன். அது அந்த போனின் கோளாறு.

இப்படிப்பட்டவன் கையில்தான் என் மைத்துனன் செல்வராஜின் பிழைப்பு வந்து மாட்டியது.

செல்வராஜ், என் மனைவி தங்கத்தின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளக்ஸ் டிசைன் செய்கிற கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று சுற்று வட்டாரத்தில் சிரித்தவர்கள், அழுதவர்கள் எல்லோர் முகமும் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்கு வந்தன. கறுத்த மாப்பிள்ளையை அளவோடு சிவக்க வைப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. (அளவு தாண்டினால் பெண் வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியாது.)

அவனுக்கு இரண்டு கை விரல்களிலும் முடக்குவாதம் வந்தது. வைத்தியம் பார்த்ததில் வலி குறைந்தது. ஆனால் மடங்கின விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. வலது கட்டைவிரல் மட்டும் இரக்கப்பட்டு அசைந்தது. கீபோர்டை விரல் முட்டியால் தட்டிவிடுவான். மவுஸைப் பிடிக்கத்தான் முடியவில்லை. கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். கட்டடக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாதக் கடைசிக்குள் கடையைத் திறக்கிறாயா, செல்போன் ரீசார்ஜ்காரருக்கு விடட்டுமா என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன் காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தான்.

"சாவிய குடுத்திரலாம்னு இருக்கேன் அத்தான்."

"குடுத்துட்டு என்ன செய்யப் போற?"

"தெரியல. இந்த ஒத்தப் பெருவிரல வச்சுக்கிட்டு கைநாட்டுதான் வைக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தங்கம் சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காவிட்டால் எனக்கு உடனே வாய் திறந்துவிடும். அதுதான் என் கோளாறு.

"ஏலே, ஒரு விரல் போதும்ல! நான் செஞ்சு தாரேன் உனக்கு ஒரு மவுஸு."

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே என்னைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் மருமகள் ஷீபா ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டீச்சர். தங்கமான பிள்ளை. என்னைத் திருத்த வேண்டிய இடத்தில் எல்லாம் முதலில், "நீங்க சொல்லுதது சரிதான் மாமா" என்று ஆரம்பிப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லுதது சரிதான் மாமா. கைக்கு முடியாதவங்களுக்குன்னே ரெடிமேடா விக்குதாங்க. வாங்கிரலாம்."

"வாங்குததுக்கு நான் எதுக்கு? கடைக்காரன் போதுமே."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு வழியைச் சொன்னாள். மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு குட்டிப் பலகை. அதுதான் மூளை. வீடியோ கேம்ஸில் பெருவிரலால் ஆட்டுவார்களே, அந்தக் குச்சிதான் ஜாய்ஸ்டிக். குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் அம்புக்குறி போக வேண்டும் என்று பலகைக்குள் புரோகிராம் எழுதி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் என்றாள். அந்த 'அவ்வளவுதான்' என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவளுக்கே தெரியாது.

முதலில் வாங்கின பலகையைக் கம்ப்யூட்டர் மவுஸ் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. எல்லாப் பலகைக்கும் அந்தக் குணம் கிடையாதாம். எனக்குக் கூச்சமாக இல்லை. சிங்கிள் பேஸ் மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்து திரீ பேஸ் லைனில் மாட்டச் சொல்லுகிறவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! இப்போது என்னையே திட்டிக்கொண்டு வேறு பலகை வாங்கினேன்.

பிறகு புரோகிராம். எனக்கு இங்கிலீஷில் மோட்டார் கம்பெனிகளின் பேரும் குதிரைசக்தியும் மட்டும் வாசிக்க வரும். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, கீபோர்டில் தேடி அமுக்கினேன். கோலம் போடுகிற மாதிரி. ஒரு வரியின் கடைசியில் ஒரு புள்ளியும் அதற்குக் கீழே ஒரு வாலும் உண்டு. அந்த வாலை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்புச் சிவப்பாக வைகிறது. நான் வாங்காத வசவா என்று நினைத்துக்கொண்டு வாலைச் சேர்த்தேன்.

ஓடியது! ஆனால் தலைகீழாக ஓடியது. குச்சியை மேலே தள்ளினால் அம்பு கீழே போனது. வலதுக்குத் தள்ளினால் இடதுக்குப் போனது. நான் பதறவில்லை. திரீ பேஸ் மோட்டார் ரிவர்சில் சுற்றினால் என்ன செய்வோம்? எதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுப்போம், நேராகச் சுற்றும். இங்கேயும் இரண்டு வயரை மாற்றினேன். இப்போது மேலே தள்ளினால் அம்பு பக்கவாட்டில் போனது. ஷீபா எட்டிப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சது சரிதான் மாமா..."

"சொல்லாண்டாம். நானே மாத்துதேன்."

(அவள்தான் மாற்றினாள். புரோகிராமில் ஒரு கழித்தல் குறி, இன்னொரு கழித்தல் குறி. என்னைக் கேட்டால் அதை விடவும் வயர்தான் கௌரவம்.)

கடைசியில் ஒரு தொந்தரவு மிச்சம் இருந்தது. குச்சியைத் தொடாமல் விட்டாலும் அம்பு பைய நகர்ந்துகொண்டே இருந்தது. ஷீபா விளக்கினாள். குச்சி நட்டநடுவில் நிற்கிறது என்று நமக்குத் தெரிகிறது, பலகைக்குத் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டரில் சொருகின உடனே, 'குச்சி இப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் நடு' என்று பலகை மனதில் எழுதிக்கொள்ளும்படி நான்கு வரி சேர்த்துக் கொடுத்தாள். அம்பு கல் மாதிரி நின்றது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. சொருகும்போது மட்டும் யாரும் குச்சில கைய வச்சிரக் கூடாது."

"ஏம்மா, கரண்டப் பத்தி எனக்கா?" என்றேன்.

இனி பெட்டி. இதில்தான் என் முழு மேதாவித்தனமும் இறங்கியது. இத்தனை வேலையையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் பழைய பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று கிடந்தது. நல்ல இரும்பு. மழைக்கும் வெயிலுக்கும் அசையாதது. உள்ளே இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவில் ஓட்டை போட்டு ஜாய்ஸ்டிக்கை வெளியே நீட்டினேன். ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருந்த பச்சைப் பொத்தானை மவுஸின் இடது கிளிக்காகவும் சிவப்புப் பொத்தானை வலது கிளிக்காகவும் ஆக்கினேன். செல்வராஜ் வலது கட்டைவிரலால் குச்சியை ஆட்டலாம். மடங்கின இடது கையின் முட்டியால் பொத்தானைக் குத்தலாம். குத்தினால் 'டக்' என்று கிணற்று மேட்டில் கேட்கிற சத்தமே கேட்கும். உலகத்திலேயே இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய மவுஸ் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இது கம்ப்யூட்டருக்கா, கெணத்துக்கா?" என்று கேட்டாள் தங்கம்.

கடை திறக்கிற அன்றைக்கே ஒரு பெரிய வேலை வந்தது. வரவழைத்தவன் நான்தான். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர், என் பழைய வாடிக்கை. பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார். மண்டபம், தெருமுனை, பஸ் ஸ்டாப் என்று நாலைந்து இடத்தில் பிளக்ஸ் வைக்கப் போவதாகச் சொன்னார். என் மைத்துனனைத் தவிர ஆள் இல்லை என்று நான் அடித்துவிட்டேன்.

"அவருக்குக் கை முடியலன்னாங்களே?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கையாலயா அவன் செய்யுதான்? என் மிஷினால செய்யுதான். வந்து பாரும்!"

வந்து பார்க்கச் சொன்னதுதான் தப்பு. அவர் மட்டும் வரவில்லை. பிள்ளையின் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறவர் தாய்மாமன். கம்மலிலிருந்து துணிமணி வரைக்கும் சீர் வருவது அவர் வீட்டிலிருந்து. ஆகவே பிளக்ஸில் பிள்ளைக்கு அடுத்த பெரிய படம் அவருடையதாக இருந்தாக வேண்டும். வலது மேல்மூலையில், யார் தலைக்கும் கீழே போகாமல். அந்தப் படம் கொஞ்சம் சிறுத்துப்போனதற்காகப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்துபோன தாய்மாமன்களை நான் பார்த்திருக்கிறேன்.

வந்த தாய்மாமன் நல்ல உயரம், முறுக்கு மீசை, கையில் இரும்பு வளையம். நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு வார்த்தை பேசியது.

வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காகச் செல்வராஜ் சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டியிருந்தான். கம்ப்யூட்டரில் தெரிவது அதிலும் தெரியும். முந்தின நாள் ஷீபாவை வைத்து மொத்த டிசைனையும் தோராயமாக அடுக்கி வைத்திருந்தான். நடுவில் பிள்ளை, வலது மேலே தாய்மாமன், இடது மேலே தாத்தா, பிறகு வரிசையாகச் சித்தப்பா, பெரியப்பா. இடது கீழ்மூலையில் 'அன்பு வாண்டுகள்' என்ற தலைப்பில் குஞ்சு குளுவான்கள். ஆட்கள் முன்னால் கடைசி வேலைகளை அவனே செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மேஜையில் கிடந்த பெட்டியை அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னவே, கம்ப்யூட்டருக்குப் பம்புசெட்டு போட்டிருக்கீரு?"

"ஓடட்டும் பாரும் அண்ணாச்சி. உம்ம கண்ணே கூசிரும்."

செல்வராஜ் உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை. சட்டைப் பையில் கடைச்சாவி துருத்திக்கொண்டு இருந்தது. கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தீராத சாவி. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அத்தான், சரியா வருமா?" என்றான்.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது நான் யோசித்துச் சொன்னது அல்ல. என் வாழ்நாள் பழக்கம் சொன்னது. ஒர்க்‌ஷாப்பில் தரையில் கிடத்தின மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் அது துள்ளும். ஒருவன் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவன் சுவிட்சைப் போடுவான். போடுவதற்கு முன்னால் சத்தம் கொடுப்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

"நல்லாப் பிடிச்சுக்கோ மாப்ளே! கரண்டு குடுக்கப் போறேன்!"

பயந்துபோய் இருந்த செல்வராஜ் கட்டைவிரலைக் குச்சியில் வைத்து வலது மேல்பக்கமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் வயரைச் சொருகினேன். பலகை, 'ஓகோ, இதுதான் நடுவா' என்று மனதில் எழுதிக்கொண்டது.

அம்புக்குறி, ஷீபா விட்டுவைத்த இடத்திலேயே, தாய்மாமன் மூக்கின் மேல் அசையாமல் நின்றது. விரல் அமுக்கி இருக்கிற வரைக்கும் நிற்கத்தானே செய்யும்! "பாத்தீரா?" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

செல்வராஜ் இடது முட்டியால் பச்சையைக் குத்தி தாய்மாமனைப் பிடித்தான். 'டக்'. பிடித்துக்கொண்டு, விரலை லேசாகத் தளர்த்தினான். குச்சி தன் உண்மையான நடுவுக்குத் திரும்பியது. பலகைக்கு அது யாரோ எதிர்ப்பக்கம் பலமாகத் தள்ளுகிற மாதிரி.

தாய்மாமன் கிளம்பினார்.

மேல்மூலையிலிருந்து சறுக்கினார். பேத்தியின் நெற்றியில் மோதாமல் காதைத் தாண்டினார். பெரியப்பா தலைமேல் ஏறி, சித்தப்பா மடியில் இறங்கி, மீசை ஒரு முடி கலையாமல், அதே கம்பீரச் சிரிப்போடு போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் இடது கீழ்மூலையில், 'அன்பு வாண்டுகள்' நடுவில், விரல் சூப்புகிற ஒரு பிள்ளைக்கும் பல் விழுந்த ஒரு பிள்ளைக்கும் இடையில் போய் நின்றார்.

"என்ன வே இது?" என்றார் நாற்காலியில் இருந்த தாய்மாமன்.

"அத்தான், சொன்னபடி கேக்க மாட்டங்கு அத்தான்!" என்றான் செல்வராஜ்.

ஓடுகிற மோட்டாரை நிறுத்த என்ன செய்வார்கள்? என் மூளை அதைத்தான் செய்தது.

"சிவப்பு! சிவப்ப அமுக்குல!"

சிவப்பு வலது கிளிக் ஆகிப் பல நாள் ஆகிவிட்டது என்பது அதை ஆக்கின எனக்கே அந்த நேரம் ஞாபகம் இல்லை. அவன் குத்தினான். திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. பதற்றத்தில் பச்சையையும் குத்தினான். அந்தப் பட்டியலில் எந்த வரி மாட்டியதோ, தாய்மாமன் மறைந்தே போனார். வாண்டுகள் மட்டும் சிரித்துக்கொண்டு இருந்தன.

தாய்மாமன் எழுந்தார். நாற்காலி இரண்டாவது வார்த்தை பேசியது.

"என்னைத் தூக்கிட்டீங்கல்லா? என் தங்கச்சி மவ காதுகுத்துல எனக்கு எடம் இல்ல! மாமா, நீரு சொல்லித்தான் இது நடக்கா?"

"எய்யா, நான் என்ன கண்டேன்? மிஷினுல்லா தூக்குது!" என்றார் கருப்பட்டி அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு கூசும்னீரே. கூசிட்டு வே. நல்லாவே கூசிட்டு."

நான் வயரைப் பிடுங்கினேன். செல்வராஜ் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பையில் இருந்த சாவியை இரண்டு கை முட்டிக்கும் நடுவில் பிடித்து வெளியே எடுத்து மேஜையில் வைத்தான். அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் அதைப் பார்த்தோம். நான் அறுபது வயதைத் தாண்டினவன். எத்தனையோ மோட்டார் கரிந்த வாடை பிடித்தவன். அன்றைக்குத்தான் என் பெருமை கரிகிற வாடை எனக்கே வந்தது.

ஷீபாவுக்குப் போன் போட்டேன். என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். (ஒர்க்‌ஷாப் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம்.) ஆகவே அவள் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

"மாமா, சொருகும்போது அவங்க குச்சியத் தொட்டாங்களா?"

"தொடாம? நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுல்லா இருந்தான். நான்தான் பிடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு மாமா?"

"துள்ளிரக் கூடாதுன்னு..."

முதல் தடவையாக, 'நீங்க செஞ்சது சரிதான்' என்று அவள் ஆரம்பிக்கவில்லை.

"மாமா. அது மோட்டார் இல்ல. துள்ளாது. கைய எடுக்கச் சொல்லுங்க."

நான் வயரைக் கையில் எடுத்தேன். "கைய எடு மாப்ளே" என்றேன். செல்வராஜ் கையைத் தூக்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணாச்சியும் மேஜையிலிருந்து கையை எடுத்தார். வாசலுக்குப் போன தாய்மாமனும் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார். போலீஸ் பிடித்த மாதிரி எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு இருக்க, சொருகினேன். அம்பு நின்றது.

செல்வராஜ் கட்டைவிரலால் குச்சியைத் தொட்டான். மேலே தள்ளினான், மேலே போனது. கீழே, கீழே. பிறகு கீபோர்டில் இரண்டு முட்டியையும் வைத்து ஒரு தட்டு. செய்ததைச் செய்யாததாக ஆக்கிவிடுகிற வழி அவன் தொழிலில் உண்டு. (என் தொழிலில் கிடையாது.) தாய்மாமன் வாண்டுகள் நடுவில் முளைத்தார். இன்னொரு தட்டு. சிம்மாசனத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

வாசலில் நின்ற தாய்மாமன் உள்ளே வந்தார். டி.வி.யில் தன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்ததும் வந்தாச்சு. கொஞ்சம் பெருசாக்கும்."

செல்வராஜ் பெருசாக்கினான். ஒற்றைக் கட்டைவிரல், மெதுவாக, நூல் பிடித்த மாதிரி. தாய்மாமன் வளர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

வளர்ந்தார்.

"எய்யா போதும், பிள்ளைக்குத்தான் காதுகுத்து, உனக்கு இல்ல!" என்றார் அண்ணாச்சி. தாய்மாமனே சிரித்துவிட்டார். செல்வராஜ் மீசையில் கொஞ்சம் கறுப்பு கூட்டினான். கழுத்துச் சங்கிலிக்கு மினுக்கம் கொடுத்தான். பின்னால் இரண்டு புறா விட்டான். கேட்காமலே செய்தான். நெற்றியில் இருந்த வேர்வை எப்போது காய்ந்தது என்று தெரியவில்லை. முடித்துவிட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கட்டைவிரலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டான். மேஜையில் கிடந்த சாவியை நான்தான் எடுத்து அவன் பையில் போட்டேன். நான் செய்த காரியங்களில் ஒருவரும் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

இது நடந்து மூன்று வருசம் ஆகிறது. கடை அங்கேயேதான் இருக்கிறது. ரீசார்ஜ்காரர் எதிர்ச்சாரியில் கடை போட்டு, செல்வராஜிடமே போர்டு எழுதி வாங்கினார். இரும்புப் பெட்டிக்குப் பதிலாகக் கனமில்லாத பெட்டி மாற்றித் தருகிறேன் என்று ஷீபா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செல்வராஜ் விடவில்லை. முட்டியால் குத்தும்போது நகராமல் நிற்க அந்தக் கனம்தான் தோதாம். (நான் அன்றைக்கே யோசித்துத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.)

எங்கள் வீட்டில் மட்டும் அந்த நாள் முடியவே இல்லை. தங்கம் மிக்ஸியைப் போடும்போதெல்லாம், "நல்லாப் பிடிச்சுக்கோ, கரண்டு குடுக்கப் போறேன்!" என்று கத்துவாள். ஷீபா எங்கே இருந்தாலும், "துள்ளாது, கைய எடுங்க!" என்று பதில் கொடுப்பாள். கோயிலில் மைக் போட்டால், கல்யாண வீட்டில் சீரியல் லைட் எரிந்தால், பஸ் கிளம்பினால்கூட யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார்கள். சம்பந்தி வீட்டிலும் பரவிவிட்டது.

போன தை மாதம் என் பேரனுக்குக் காதுகுத்து. பிளக்ஸ், செல்வராஜின் அன்பளிப்பு. பிள்ளையின் தாத்தா நான். சொந்தக் கட்டடம், வள்ளியூர்க் கிளை. மேல்மூலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் அண்ணாந்து பார்த்தேன். ஷீபாவின் அண்ணன் இருந்தார். சம்பந்தி இருந்தார். என்னைக் காணோம். பிறகு தங்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

இடது கீழ்மூலை. 'அன்பு வாண்டுகள்' நடுவில், வெள்ளைச் சட்டையில், மடியில் ஸ்டார்ட்டர் பெட்டியோடு நான். விரல் சூப்புகிற பிள்ளை ஒரு பக்கம், பல் விழுந்த பிள்ளை ஒரு பக்கம்.

கோபமாகச் செல்வராஜைத் தேடினேன். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றான். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும்: வாண்டுகளிலேயே என் படம்தான் பெரிசு.